ஸ்டுடியோ கேள்வி-பதில்: 2,200 ரா ஃபைல், ஒரே ராத்திரி

போன மாதம் “ஜேபெக்கை விட்டு ராவில் எடுத்துப் பாருங்கள்” என்று இந்தப் பக்கத்தில் எழுதினேன். ரா என்றால் கேமரா தான் பார்த்ததைச் சமைக்காமல் அப்படியே சேமிக்கும் ஃபைல். பிறகு நாம்தான் அதை ஜேபெக்காக மாற்ற வேண்டும். வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டித்தான். “எடுத்துவிட்டோம் சார், இத்தனையையும் இப்போது யார் மாற்றுவது?” என்கிறார்கள். நியாயமான கோபம். அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே பேச்சு.

கேள்வி: ஒரு கல்யாணத்துக்கு 2,200 என்இஎஃப் (நிக்கானின் ரா) ஃபைல் சேர்ந்துவிடுகிறது. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் எனக்குக் கட்டுப்படியாகாது. இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் மொத்தமாக ஜேபெக் ஆக்க வழி உண்டா? ஆல்பம் டிசைனர் தினமும் போன் செய்கிறார். — கல்யாண போட்டோகிராபர், தேனி

உண்டு தம்பி. ஆனால் 2,200-ஐயும் ஏன் மாற்ற வேண்டும்?

கணக்குப் போடுவோம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சராசரி 28 எம்பி என்றால் உங்கள் கல்யாணம் 60 ஜிபிக்கு மேல். சுமாரான லேப்டாப்பில் ஒரு படத்துக்கு 6 விநாடி என்று வைத்தால்கூட மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடும். அதில் கண் மூடிய மாமா, பாதி கை, தரையை எடுத்த நான்கு படம் எல்லாம் அடக்கம். ஆல்பத்துக்குப் போகப்போவது 300-ஓ 400-ஓ. முதலில் பொறுக்கி 700-க்குக் கொண்டுவாருங்கள். வேலை எழுபது நிமிடத்தில் முடியும்.

பொறுக்குவதற்கு ராவைத் திறக்கவே வேண்டாம். நிக்கான் என்இஎஃப் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் கேமராவே செய்து வைத்த முழு அளவு ஜேபெக் ஒன்று இருக்கிறது. கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் அந்த ஜேபெக்கை மட்டும் உருவித் தரும். மாற்றுவது கிடையாது, வெறும் உருவல். அதனால் 2,200 படமும் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தயாராக இருக்கும். ஒரு தொல்லை, இப்படி உருவிய நிக்கான் படங்களில் நேராக நிற்க வேண்டியவை படுத்துக் கிடக்கும். எந்தப் பக்கம் நிமிர்த்த வேண்டும் என்ற குறிப்பு ராவில் தங்கிவிடுகிறது, உருவிய படத்தோடு வருவதில்லை. அதே எக்ஸிஃப்டூலைக் கொண்டே மூல ஃபைலின் குறிப்புகளை இதில் ஒட்டிவிட்டால் நிமிர்ந்துவிடும். பெண் வீட்டாருக்கு “எதெது வேண்டும் என்று டிக் போட்டுக் கொடுங்கள்” என்று அனுப்புவதற்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன். அழுத்தம் அதிகமான ஜேபெக், ஆல்பத்துக்கு ஆகாது. போனில் பார்த்துப் பொறுக்கத் தாராளம்.

பொறுக்கியாயிற்றா? இனி மாற்றலாம் என்று மென்பொருளைத் திறக்காதீர்கள். முதலில் ஃபோல்டர் பிரியுங்கள். ஆளை வைத்துப் பிரிக்காமல், சடங்கை வைத்தும் பிரிக்காமல், வெளிச்சத்தை வைத்துப் பிரியுங்கள். என் ஸ்டுடியோவில் ஒரு கல்யாணம் என்றால் ஐந்து ஃபோல்டர் வரும்: விடியலில் மண்டபத்து டியூப்லைட், முகூர்த்த மேடையில் வீடியோக்காரர் விளக்கு, ஹோமப் புகை, வாசலில் வெயில், ராத்திரி ரிசப்ஷனின் கலர் விளக்கு. மாலை மாற்றலும் ஊஞ்சலும் வாசல் வெயிலில் நடந்தால் இரண்டும் ஒரே ஃபோல்டர்தான். இந்தப் பிரிப்புக்கு அரை மணி நேரம் ஆகும். அதை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு ஆறு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்ன, நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக மொத்தமாக மாற்றியபோது மேடைப் படம் ஒன்றை எடுத்து, அந்த மஞ்சள் விளக்குக்கு ஏற்றபடி வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் அளவு) வைத்து, மிக அழகாக வந்துவிட்டது என்ற பெருமையில் அதையே 640 படத்துக்கும் ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வாசலில் வெயிலில் நின்ற மாப்பிள்ளை நீலமேக சியாமளனாக இருந்தார். மஞ்சள் விளக்கைச் சரிக்கட்ட நீலம் கூட்டியிருந்தேன், வெயிலில் மஞ்சளே இல்லை, நீலம் மட்டும் மிஞ்சியது. பெண்ணின் மாம்பழ நிறக் கூறைப்புடவை பாசி பிடித்த மாதிரி ஆகியிருந்தது. நல்லவேளை, மூல ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. போனது ஒரு ராத்திரி மின்சாரம்தான்.

அதனால் என் பழக்கம் இது. ராதெரபி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நடுவாந்திரமான ஒரு படத்தைத் திறக்கிறேன். ரொம்ப நல்ல படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முகம் கொஞ்சம் இருண்டு, புடவை கொஞ்சம் பளிச்சிடுகிற சாதாரணப் படம்தான் மற்றவற்றுக்குச் சரியான மாதிரி. எக்ஸ்போஷர், நிழல், கூர்மை எல்லாம் வைத்துவிட்டு அதைப் பிபி3 என்ற சின்னக் குறிப்புக் கோப்பாகச் சேமிக்கிறேன். சேமிக்கும் பொத்தானை வெறுமனே அழுத்தாமல் கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால் எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும். அங்கே வொயிட் பேலன்ஸ் டிக்கை எடுத்துவிடுவேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் எழுதிவைத்த அளவையே எடுத்துக்கொள்ளட்டும். பத்துக்கு எட்டு முறை அது சரியாகவே இருக்கும். அப்புறம் ஃபோல்டரிலுள்ள மற்றப் படங்களைத் தேர்ந்து அந்தக் குறிப்பை ஒட்டி, எல்லாவற்றையும் வரிசையில் போட்டுவிட்டு ஓட்டு என்று சொன்னால் போதும்.

டார்க்டேபிள் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலும் இதே கதைதான். ஒரு படத்தைச் சரிசெய்து, படங்கள் வரிசையாகத் தெரியும் திரையில் கண்ட்ரோல்-சி, மற்றவற்றைத் தேர்ந்து கண்ட்ரோல்-வி. அங்கே வண்ணச் சமநிலையை இரண்டு இடம் தீர்மானிக்கிறது: வொயிட் பேலன்ஸ் ஒன்று, கலர் காலிப்ரேஷன் இன்னொன்று. தேர்ந்து ஒட்டும் வசதியைப் பிடித்து இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் விட்டால் மாப்பிள்ளை பாதி நீலமாக வருவார்.

ரிசப்ஷன் ஃபோல்டர் மட்டும் மொத்த வேலைக்கு அடங்காது. ஊதாவும் நீலமுமாக அடிக்கும் எல்இடி பார் விளக்கின் கீழே முகத்தில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. இல்லாத நிறத்தை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. அந்த 60, 70 படத்தைத் தனியாக வைத்து, ரொம்ப மோசமானவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் அதைக் கலை என்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

வெளியே வருவது ஜேபெக்காகவே இருக்கட்டும், தரம் 92, நிறவெளி எஸ்ஆர்ஜிபி. சில ஆல்பம் டிசைனர்கள் டிஃப் என்ற பெரிய பட வடிவத்தைக் கேட்பார்கள். 24 மெகாபிக்சலில் 16 பிட் டிஃப் அழுத்தாமல் 144 எம்பி வரும். 700 படம் என்றால் 100 ஜிபி. அவர் கேட்டதை வாங்கி முதல் வேலையாக ஜேபெக்காக மாற்றித்தான் வடிவமைப்பார், எனக்குத் தெரியும். 12-க்கு 36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். 300 டிபிஐ கணக்கில் 3600-க்கு 5400 பிக்சல். உங்கள் கேமரா தருவது 4000-க்கு 6000. அளவைக் குறைக்காமல் அப்படியே கொடுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. ராத்திரி ஓட விட்டுப் படுப்பதற்கு முன் லேப்டாப்பின் தானாகத் தூங்கும் வசதியை நிறுத்துங்கள். ஒரு தடவை காலை ஐந்தரைக்குக் காபி டம்ளரோடு ஆசையாகப் போய்ப் பார்த்தேன். 83-வது படத்தில் அதுவும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: ராதெரபியின் ஜன்னலில் திறந்தால் படம் நன்றாக இருக்கிறது. டெர்மினலில் (கட்டளையை எழுத்தில் தரும் திரையில்) ராதெரபி கமாண்ட் கொடுத்து மாற்றினால் அதே படம் செத்துப்போன மாதிரி மங்கலாக வருகிறது. என்ன தப்பு? — கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தப்பு ஒரே ஒரு எழுத்து. ஜன்னலில் ரா ஃபைலைத் திறந்தவுடன் ராதெரபி ஒரு வேலையைச் சொல்லாமலே செய்கிறது. உள்ளே இருக்கும் கேமரா ஜேபெக்கைப் பார்த்து அதன் வெளிச்ச வளைவைத் தானும் போட்டுக்கொள்கிறது. 2018-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கமாண்டில் நீங்கள் கேட்டால்தான் இதைச் செய்யும். எதுவும் சொல்லாவிட்டால் ஒன்றும் கலக்காத வெறும் நிலையிலிருந்து தொடங்கும், அதனால்தான் செத்த தோற்றம். மைனஸ் டி (-d) சேர்த்தால் உங்கள் வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்ளும்.

அடுக்கு முறையைப் புரிந்துகொண்டால் கமாண்ட் ரொம்ப எளிது. அடியில் வெறும் நிலை. அதன்மேல் மைனஸ் டி சொல்லும் வழக்கமான அமைப்பு. அதன்மேல் மைனஸ் பி (-p) போட்டு நீங்கள் தரும் பிபி3. அது எத்தனை வேண்டுமானாலும் தரலாம், பின்னால் வருவது முன்னால் வந்ததை மூடும். அதன்மேல் மைனஸ் எஸ் (-s) சொன்னால் படத்தின் பக்கத்திலேயே இருக்கும் அதன் சொந்தக் குறிப்பு. நான் இரண்டு பிபி3 வைத்திருக்கிறேன். ஒன்று நிறமும் வெளிச்சமும், இன்னொன்றில் நீள விளிம்பு 2048 பிக்சல் என்ற ஒரே ஒரு கட்டளை. ஆல்பத்துக்கு முதலாவது மட்டும், வாட்ஸப்புக்கு இரண்டும். போகவேண்டிய ஃபோல்டரை மைனஸ் ஓ-வுக்குப் (-o) பின்னால் எழுதுங்கள். மூல ஃபோல்டரைச் சொல்லும் மைனஸ் சி (-c) எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். நடுவில் போட்டால் அதற்குப் பின்னால் எழுதிய எல்லாவற்றையும் படத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்ளும்.

பெரிய ஒய் (-Y) ஒன்று இருக்கிறது, ஏற்கெனவே உள்ள படத்தின் மேல் எழுதச் சொல்வது. பழகும்வரை அதைத் தொடாதீர்கள். அதே காரணத்துக்காக இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் நிரலின் மாக்ரிஃபை கட்டளையையும் ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள். வேறு ஃபோல்டர் என்று சொல்லாவிட்டால் அது இருக்கும் படத்தையே மாற்றி அதே இடத்தில் வைத்துவிடும். கேட்கவே கேட்காது.

கேள்வி: என் லேப்டாப்பில் நான்கு கோர் இருக்கிறது. நான்கு டெர்மினல் திறந்து நான்கு ஃபோல்டரை ஒரே சமயத்தில் ஓட்டினேன். நாலு மடங்கு வேகம் வரும் என்று பார்த்தால் மவுஸே நகரவில்லை. ராம் 8 ஜிபி. — அதே மாணவரின் நண்பராம்

ஒன்றே நான்கு கோரையும் தின்னும்படிதான் இந்த நிரல்களை எழுதியிருக்கிறார்கள். நான்கு பேரை உட்கார்த்தி ஒரே இலையில் பரிமாறினால் யாருக்கும் வயிறு நிறையாது. ராம் தீர்ந்து ஹார்ட் டிஸ்க்கில் எழுத ஆரம்பித்ததும் எல்லாம் நின்றுபோயிருக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வரிசையாக ஓட்டுங்கள். டார்க்டேபிளில் இன்னொரு விஷயம்: ஜன்னல் திறந்திருக்கும்போது அதன் கமாண்ட் வடிவத்தை ஓட்டினால் தரவுத்தளம் பூட்டியிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். ஜன்னலை மூடிவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா 25 நாளும் படம் எடுத்தேன். பகல் தேர் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 200, இரவுத் திருவிழா 6400. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பைப் போட்டால் பகல் படங்கள் மெழுகு பூசினது போல வருகின்றன. நாளுக்கு நாள் பிரித்தாலும் ஒரே நாளில் இரண்டும் இருக்கின்றன. — யாழ்ப்பாண வாசகர்

இருட்டில் ஐஎஸ்ஓ ஏற்றினால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி வரும். அந்தப் புள்ளி நீக்குவதை 6400-க்கு ஏற்றபடி வைத்து 200-க்கும் ஒட்டியிருக்கிறீர்கள். இல்லாத புள்ளியைத் தேடித் தேடித் தேரின் மரவேலைப்பாட்டை அது நக்கி எடுத்துவிட்டது.

உங்களுக்கென்றே ராதெரபியில் ஒரு வசதி இருக்கிறது. பலர் கண்ணில் படாமல் விருப்பங்கள் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஐஎஸ்ஓ இத்தனையிலிருந்து இத்தனைவரை என்றால் இந்தக் குறிப்பு, அதற்கு மேல் என்றால் அந்தக் குறிப்பு என்று விதி எழுதி வைக்கலாம். கேமராவின் பெயர், லென்ஸ், துளை அளவு, ஷட்டர் வேகம் ஆகியவற்றை வைத்தும் விதி போடலாம். 800 வரை ஒன்று, 3200 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று மூன்று விதி போதும். ராவுக்கான வழக்கமான அமைப்பாக இந்த விதிகளையே தேர்ந்துவிட்டால் ஒவ்வொரு படமும் தனக்குரியதைத் தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கை வைக்க வேண்டாம்.

டார்க்டேபிளில் இன்னும் சுலபம். அங்கே புள்ளி நீக்கும் பகுதி ஒன்று ஒவ்வொரு கேமராவையும் அளந்து வைத்த கணக்கை வைத்து வேலை செய்கிறது, படத்தின் ஐஎஸ்ஓவைத் தானே பார்த்துக்கொள்ளும். உங்கள் கேமரா அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய் விளக்குப் படங்களின் மஞ்சளை முழுக்க வெளுக்க வைத்துவிடாதீர்கள் ஐயா. வெள்ளை வேட்டி அந்த வெளிச்சத்தில் வெள்ளையாக இருக்காது. நாம் நேரில் பார்ப்பதும் அப்படித்தான்.

கேள்வி: புதிதாக கேனான் வாங்கினேன். சிஆர்3 என்று சேமிக்கிறது. உபுண்டுவோடு வந்த டார்க்டேபிள் திறக்கவே மாட்டேன் என்கிறது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? — ஆசிரியை, திருச்செங்கோடு

வேண்டாம் அம்மா, மென்பொருளை மாற்றுங்கள். சிஆர்3 என்பது 2018-இல் ஈஓஎஸ் எம்50 கேமராவோடு வந்த வடிவம். டார்க்டேபிள் அதைப் படிக்கத் தொடங்கியது 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பில். உங்களிடம் இருப்பது அதைவிடப் பழசாக இருக்கும். லினக்ஸ் விநியோகங்கள் ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் விடமாட்டா. ஃப்ளாட்பேக் என்ற தனி நிறுவும் முறை வழியாகப் புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் கேமரா வாங்குகிறவர்கள் கடையில் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் இந்த மென்பொருள்களின் கேமராப் பட்டியலைப் பார்த்துவிடுவது உத்தமம். கடைக்காரருக்கு இது தெரியாது.

கேள்வி: இவ்வளவு வேலையை இலவசமாக யார் செய்கிறார்கள்? எங்கோ ஏமாற்று இருக்க வேண்டுமே. — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாடுதுறை

வங்கியில் இருந்தவர், சந்தேகம் வரத்தான் செய்யும். 1997-இல் டேவ் காஃபின் என்ற அமெரிக்கர் கேமரா ரா ஃபைல்களைப் படிக்க சி மொழியில் டிசிரா என்று ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். கம்பெனிகள் தங்கள் வடிவத்தை விளக்குவதில்லை, அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார். 2018 வரை அதைப் புதுப்பித்தார். பல மென்பொருள்கள் ராவைப் படிக்கப் பயன்படுத்தும் லிப்ரா என்ற நிரல் அதிலிருந்து பிறந்தது. ராதெரபியும் நெடுங்காலம் டிசிராவின் பகுதியைத்தான் உள்ளே வைத்திருந்தது. ராதெரபியை எழுதத் தொடங்கியவர் காபோர் ஹோர்வாத். 2010-இல் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். கணக்குப் புத்தகம் மேசைமேலேயே திறந்து கிடக்கிறது, தணிக்கை செய்ய யாருக்கும் தடையில்லை.

கேள்வி: ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்தி இருக்கிறதே, அதிலேயே ராவைத் திறந்து மாற்றிவிடலாமே? — பெயர் வேண்டாம் என்றவர், காரைக்கால்

ஜிம்ப் தானாக ராவைத் திறக்காது. 2.10 பதிப்பிலிருந்து டார்க்டேபிளையோ ராதெரபியையோ கூப்பிட்டு அதனிடம் கொடுத்து வாங்கும். ஒரு படத்துக்குச் சரி. 700 படத்துக்கு வேண்டாம்.

கேள்வி: டார்க்டேபிள் திறந்த பிறகு ஒவ்வொரு போட்டோ பக்கத்திலும் எக்ஸ்எம்பி என்று குட்டிக் குட்டி ஃபைலாக முளைத்திருக்கிறது. வைரஸ் என்று நினைத்து என் தங்கை எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டாள். படம் போய்விட்டதா? — வாசகி, பட்டுக்கோட்டை

படம் போகவில்லை. ரா ஃபைலை இந்த மென்பொருள்கள் தொடுவதே இல்லை. எக்ஸ்எம்பி என்பது ‘இந்தப் படத்துக்கு இவ்வளவு வெளிச்சம் கூட்டு, இங்கே வெட்டு’ என்று எழுதிய துண்டுச்சீட்டு. சில கேபிதான் இருக்கும். அதே குறிப்புகள் டார்க்டேபிளின் தரவுத்தளத்திலும் இருக்கின்றன. அதே கணினியில் திறந்தால் பெரும்பாலும் செய்த வேலை அப்படியே இருக்கும், சீட்டும் திரும்ப முளைக்கும். வேறு ஹார்ட் டிஸ்க்குக்கோ வேறு கணினிக்கோ படத்தை நகர்த்தும்போது சீட்டையும் சேர்த்து நகர்த்துங்கள். இல்லாவிட்டால் அங்கே முதலிலிருந்து செய்ய வேண்டும். தங்கையிடம் கோபிக்காதீர்கள். எங்கள் ஸ்டுடியோப் பையன் பிபி3 எல்லாவற்றையும் “குப்பை கூட்டிவிட்டேன் அண்ணா” என்று சொல்லி அழித்தபோது நான் கோபித்தேன். அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் நானேதான் உட்கார்ந்து திரும்பச் செய்தேன்.